காரைக்குடியில் பழைய சுவர்க் கண்ணாடி வாங்கி வரவேற்பறையில் மாட்ட நினைக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது, எப்படி மாட்டுவது?

கடையில் சட்டத்தின் வேலைப்பாட்டில் மயங்குவதற்கு முன் கண்ணாடியைத் திருப்பி முதுகைப் பாருங்கள். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் நல்ல தேக்குச் சட்டங்கள் கிடைக்கும். ஆனால் பழைய சட்டத்துக்குள் பழைய கண்ணாடிதான் இருக்கும் என்பது நிச்சயமில்லை. ரசம் போனால் கண்ணாடியை மட்டும் மாற்றிவிட்டுச் சட்டத்தை வைத்துக்கொள்வது வழக்கம்தான். 'பெல்ஜியம் கண்ணாடி' என்ற பெயரும் இப்போது ஓரம் சாய்த்து இழைத்த எல்லாக் கண்ணாடிக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

ஜன்னல் கம்பியோ டியூப்லைட்டோ கண்ணாடியில் தெரியும்படி நின்று, தலையை மெல்ல இடமும் வலமும் நகர்த்துங்கள். அந்த நேர்கோடு லேசாக நெளிந்தால் பழசாக இருக்க நல்ல வாய்ப்பு. 1959-இல் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்த முறையில், உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யும் இன்றைய கண்ணாடியில் இந்த நெளிவு தெரியாது. நெளியவில்லை என்பதற்காக மட்டும் புதிது என்று தள்ளிவிடவும் வேண்டாம். அரைத்து மெருகேற்றிய அந்தக் காலத்துத் தடித்த கண்ணாடியும் நேராகவே காட்டும். அடுத்து, ஓரச் சாய்வை விரலால் தடவுங்கள். கையால் இழைத்தது ஆழம் குறைந்து, அகலம் இடத்துக்கு இடம் சற்று மாறி இருக்கும். இயந்திரச் சாய்வில் விளிம்பு கூர்மையாக, ஒரே சீராக விரலில் தட்டும். கரும்புள்ளிகள் பெரும்பாலும் ஈரம் ஏறும் வழியில், அதாவது கீழ் ஓரத்திலும் சட்டத்தை ஒட்டியும்தான் தொடங்கும். கண்ணாடி முழுக்க ஒரே அளவில் தெளித்ததுபோல இருந்தால் அமிலம் வைத்துப் பழசாக்கியதோ என்று சந்தேகப்படலாம்.

முதுகுப் பலகையைக் கழற்ற அனுமதித்தால் உள்ளே பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வெள்ளீயத் தகட்டில் பாதரசம் சேர்த்துத்தான் ரசம் பூசினார்கள். பிறகுதான் வெள்ளிப் பூச்சு மெல்ல அந்த இடத்தைப் பிடித்தது. வெள்ளிப் பூச்சின் மேல் பாதுகாப்புக்காக வண்ணப்பூச்சு ஒன்று இருக்கும். பாதரசக் கண்ணாடியின் முதுகு வண்ணமின்றிச் சாம்பல் நிறத்தில், சன்னப் படிகம்போல மினுமினுக்கும். அது கிடைத்தால் கைபடாமல் மூடிவிடுங்கள். சுரண்டுவது, தேய்ப்பது, சூடாக்குவது எதுவும் கூடாது. பாதரசம் காலப்போக்கில் கீழ்நோக்கி இறங்கும், சட்டத்தின் அடியில் துளியாகவும் நிற்கலாம். அதனால் இதுவரை மேலே இருந்த பக்கமே இனியும் மேலே இருக்கட்டும்.

புள்ளி விழுந்த கண்ணாடிக்குப் புது ரசம் பூசச் சொல்கிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள். பழைய பூச்சை அமிலத்தில் கழுவி எடுத்த பிறகு அந்தக் கண்ணாடியின் பழமையில் பாதி போய்விடும். முகம் பார்க்கக் குளியலறையில் வேறு கண்ணாடி இருக்கும். வரவேற்பறையில் இதன் வேலை வெளிச்சத்தை வாங்கி மங்கலாகத் திருப்பிக் கொடுப்பதுதான். அதற்குப் பழைய ரசமே அழகு.

வெறும் சட்டத்தை வாங்கிப் புதுக் கண்ணாடி போடுவதாக இருந்தால், கண்ணாடியைச் சட்டத்தின் உள்ளளவைவிட நான்கு பக்கமும் 2 மி.மீ. குறைத்து வெட்டச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் மரம் உப்பும்போது இடம் இல்லாவிட்டால் மூலையில் விரிசல் விழும். கண்ணாடி உட்காரும் பள்ளத்துக்குக் கருப்பு வண்ணம் அடித்துவிடுங்கள். இல்லையென்றால் வண்ணம் பூசாத மரம் ஓரமெல்லாம் பிரதிபலித்து அசிங்கமாகத் தெரியும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும், வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் பசையை முதுகில் தடவவே கூடாது. அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் வெள்ளியை அரித்துச் சில மாதங்களிலேயே கறுப்புத் திட்டு வந்துவிடும். 'நியூட்ரல்' என்று போட்ட சிலிக்கான் வாங்குங்கள், அல்லது மரப் பீடிங் (மெல்லிய மரப்பட்டி) மட்டும் வைத்துப் பிடியுங்கள்.

மாட்டுவதில் எடையைக் குறைத்து மதிப்பிடுவதுதான் பெரிய தவறு. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. கனத்துக்கும் இரண்டரை கிலோ. 3 அடிக்கு 4 அடி, 5 மி.மீ. என்றால் கண்ணாடி மட்டுமே சுமார் 14 கிலோ. தேக்குச் சட்டமும் பலகையும் சேர்ந்தால் 20-ஐத் தாண்டும். பழைய கொக்கியையும் துருப்பிடித்த கம்பியையும் நம்ப வேண்டாம். 18 மி.மீ. கனமுள்ள மரக்கட்டையை நீளவாக்கில் 45 பாகையில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியைச் சுவரிலும் மறுபாதியைச் சட்டத்தின் மேல்முதுகிலும் அடியுங்கள். ஒன்றின் மேல் ஒன்று கவ்விக்கொள்ளும், எடையும் ஒரே ஆணியில் இறங்காது. ஸ்க்ரூ நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கட்டைக்கு 18, சுவர்ப் பூச்சுக்கு 15 என்று 33 மி.மீ. போய்விடும். 75 மி.மீ. ஸ்க்ரூ போட்டால்தான் செங்கலுக்குள் 40 மி.மீ. இறங்கும். பூச்சோடு நின்றுபோன ஸ்க்ரூ சில மாதம் தாங்கி, ஒரு நாள் பூச்சோடு பெயர்ந்து வரும். ஏஏசி பிளாக் எனப்படும், உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த இலேசான சிமென்ட் கல் சுவரில் சாதாரண பிளக் சுழன்று கழன்றுவிடும். அதற்கென்று விற்கும் பிளக்தான் வேண்டும்.

சட்டத்தின் கீழ் மூலைகளிலும் மேலே இருக்கும் கட்டையின் அளவுக்கே கனமுள்ள தக்கையோ ரப்பரோ ஒட்டுங்கள். சட்டம் நேராக நிற்கும், பின்னால் காற்றும் ஓடும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர், குளியலறைக்கு முதுகு கொடுத்த சுவர் இரண்டும் வேண்டாம். ஓதம் அடியிலிருந்து ரசத்தைத் தின்றுகொண்டே வரும்.

செட்டிநாட்டு வீடுகளில் படங்களைத் தலைக்கு மேலே, முன்புறம் சாய்த்து மாட்டியிருப்பார்கள். அந்த உயரக் கூரைக்கு அது பொருந்தும். பத்தடி உயர அறையில் கண்ணாடியின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் ஐந்தடியில், நேராக இருக்கட்டும். ஆணி அடிக்கும் முன், அந்த இடத்தில் ஒருவர் கண்ணாடியைப் பிடித்து நிற்க, நீங்கள் சோபாவில் உட்கார்ந்து அதில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். ஜன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவராக இருந்தால் வெளிச்சம் அறைக்குள் பரவும். டிவியும் செருப்பு அலமாரியும் தெரிந்தால் இடத்தை மாற்றுங்கள்.

துடைக்கும்போது எதையும் நேராகக் கண்ணாடியில் தெளிக்காதீர்கள். வழியும் துளி சட்டத்துக்குள் இறங்கி ரசத்தைத் தொட்டுவிடும். பழைய பருத்தி வேட்டித் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து நடுப்பகுதியைத் துடைத்து, ஓரத்தில் ஒரு விரல் அகலத்தை உலர்ந்த துணியால் மட்டும் துடைத்தால் போதும். தங்க ரேக்கு ஒட்டிய சட்டமானால் அதன் மேல் ஈரத்துணியே படக்கூடாது. மென்மையான தூரிகையால் தூசி தட்டுங்கள்.