அக்கிக் குளிசையோடு அன்டிபயோட்டிக் சேரலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. இடுப்பில் அக்கி போட்டதற்கு அசைக்குளோவிர் 800 மில்லிகிராம், நாளுக்கு ஐந்து தரம், ஏழு நாளைக்குத் தந்திருக்கிறார்கள். கொப்புளம் உடைந்து சீழ் வைத்ததால் குளொக்சசிலின் 500 மில்லிகிராம், நான்கு தரம். நோவு தாங்காமல் பார்மசியில் டைக்குளோபினக்கும் வாங்கிக் கொடுக்கிறோம். பிரஷருக்கு லொசார்ட்டன் குடிக்கிறவர். எல்லாம் சேரலாமா?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: அசைக்குளோவிரும் குளொக்சசிலினும் சேரலாம். முன்னையது வைரசுக்கு, பின்னையது புண்ணில் தொற்றிய பக்டீரியாவுக்கு. ஒன்று மற்றதன் வேலையைக் கெடுக்காது. பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் மட்டும் குளொக்சசிலின் கூடாது.

டைக்குளோபினக்கை இன்றே நிறுத்துங்கள். உடம்பில் சேர்ந்த அசைக்குளோவிரில் பெரும்பகுதி உருமாறாமல் சிறுநீரகத்தால்தான் வெளியேறுகிறது. தண்ணீர் குறைந்தால் அங்குள்ள நுண்குழாய்களில் பளிங்காகப் படிந்து அடைக்கும். டைக்குளோபினக் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். லொசார்ட்டன் அங்கே வடிகட்டும் அழுத்தத்தைக் குறைக்கும். வன்னி வெயிலில், வாய்க்கு ருசியில்லாமல் படுத்திருக்கும் ஒருவருக்கு இந்த மூன்றும் சேர்வது கெட்ட கூட்டு. நோவுக்கு பனடோல் 500 இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், நாளுக்கு எட்டுக்கு மேல் வேண்டாம் (உடல் மெலிந்தவர், ஈரல் வருத்தக்காரருக்கு இன்னும் குறைவு). எரிவு அடங்காவிட்டால் நரம்பு நோவுக்கு வேறு குளிசை உண்டு, வைத்தியரிடம் கேளுங்கள். லொசார்ட்டனை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அசைக்குளோவிரை காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10 மணிக்குக் கொடுங்கள், சாப்பாடு பொருட்டில்லை. குளொக்சசிலின் வெறும் வயிற்றில்தான் நன்றாக ஏறும்: சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன், அல்லது இரண்டு மணித்தியாலம் பின். தண்ணீர் நாளுக்கு இரண்டு, இரண்டரை லீற்றர். இருதய, சிறுநீரகக் கிளினிக்கில் தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான்.

வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் உள்ளவர்கள் இருக்கிறார்கள். பலருக்கு முற்றும்வரை தெரியாது. ஆகவே கிளினிக் கொப்பியைக் காட்டி கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) பாருங்கள். சிறுநீரகம் பெரிதும் பழுதானால் அதே 800 மூன்று தரமாகவோ இரண்டு தரமாகவோ குறையும். குறைக்காமல் விட்டால் மருந்து தேங்கி மூளையைத் தாக்கும்: குழறல், இல்லாததைக் கண்டு பேசுதல், கை நடுக்கம். வயது போனதன் புலம்பல் என்று விடாதீர்கள். சலம் குறைந்தாலும் இப்படிப் பேசினாலும் அடுத்த குளிசையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அங்கே ஜென்டாமைசின் ஊசி என்ற பேச்சு வந்தால், அசைக்குளோவிர் குடிப்பதைச் சொல்லிவிடுங்கள்; அதுவும் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது.

கேள்வி: வயலுக்கு இறங்க முன் எலிக்காய்ச்சலுக்கு கிழமைக்கு ஒரு தரம் டொக்சிசைக்கிளின் 200 குடிக்கிறேன். இப்போது கொப்பளிப்பான் வந்து அசைக்குளோவிர் தந்திருக்கிறார்கள். விடவேண்டுமா?
- வாசகர், நெடுங்கேணி

பதில்: இரண்டும் மோதாது. ஆனால் கொப்புளம் காய்ந்து பொருக்கு வைக்கும்வரை நீங்கள் வயலுக்கே போகக்கூடாது, பிறகு எதற்கு இந்தக் கிழமை டொக்சி? திரும்ப இறங்கும்போது தொடங்குங்கள். சாப்பிட்டபின் ஒரு கோப்பைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலம் படுக்காமல் இருங்கள். இல்லையெனில் தொண்டைக்குழாயைப் புண்ணாக்கும். பால், இரும்புச்சத்துக் குளிசை, வயிற்றெரிவு மருந்து இரண்டு மூன்று மணித்தியாலம் தள்ளி.