சிவப்புத் திரை, கத்தும் குரல், காணாமல் போன ஃபைல்கள்: வைரஸ் கேள்வி பதில்

வைரஸ் எச்சரிக்கை பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லோரும் விண்டோஸ் வைத்திருப்பவர்கள், அதனால் பதிலும் விண்டோஸைப் பற்றியே.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்: இணையத்தில் செய்தி படித்துக்கொண்டிருந்தபோது திரை முழுக்கச் சிவப்பாகி, “உங்கள் கணினி முடக்கப்பட்டது, இந்த எண்ணுக்கு உடனே அழைக்கவும்” என்று ஒரு பெண் குரல் கத்த ஆரம்பித்தது. எதை அழுத்தியும் போகவில்லை. பயந்துபோய் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். வைரஸ் வந்துவிட்டதா தம்பி?

வரவில்லை ஐயா. நீங்கள் பார்த்தது வெறும் வெப்சைட் பக்கம். விளம்பரம் வழியாக உங்களை அங்கே தள்ளிவிட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் பிரவுசரை முழுத்திரை ஆக்கி, முகவரி இருக்கும் இடத்தையும் மூடும் பொத்தானையும் மறைத்துவிடும். அதில் ஓடும் ‘ஸ்கேன்’ ஒரு வீடியோ மாதிரிதான், உங்கள் ஃபைல் ஒன்றைக்கூடத் தொடாது. ஆப்பிள் மேக் வைத்திருப்பவர் போனாலும் ‘சி டிரைவில் வைரஸ்’ என்றுதான் காட்டும். மேக்கில் சி டிரைவே கிடையாது!

அடுத்த முறை எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகிவிடும். விலகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். மறுபடி பிரவுசரைத் திறந்ததும் பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆசையாக ‘ரீஸ்டோர்’ கொடுத்தால் அதே அம்மா திரும்பி வந்து கத்துவார்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்கவே இருக்காது.

இல்லத்தரசி, சேலம்: என் வீட்டுக்காரர் அந்த நம்பருக்குப் பேசிவிட்டார். தூரத்திலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் போடச் சொல்லி, உள்ளே வந்து எதையோ காட்டி, ஐயாயிரம் ரூபாய் வாங்கிவிட்டார்கள். இப்போது என்ன செய்வது அண்ணா?

இதைப் படிக்கும்போதே 1930-க்குப் போன் போடுங்கள் அம்மா. மத்திய அரசின் இணையக் குற்ற உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, போன பணத்தை வழியில் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு. அடுத்தது வங்கி. கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குத்தான் பேச வேண்டும், கூகுளில் தேடி எடுத்த எண்ணுக்கு அல்ல. தேடலில் போலி ‘கஸ்டமர் கேர்’ எண்கள் ஏராளம்.

கணினியின் இணைய இணைப்பை எடுத்துவிடுங்கள். மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள். எனிடெஸ்க்கை நீக்கினால் மட்டும் போதாது. அவர்கள் உள்ளே இருந்தபோது வேறு என்ன போட்டுவிட்டுப் போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. போட்டோ, டாக்குமென்ட்டுகளை மட்டும் காப்பி எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் நிம்மதி.

உங்கள் வீட்டுக்காரரிடம் அவர்கள் விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் ‘ஈவென்ட் வியூவர்’ என்ற பதிவேட்டைத் திறந்து சிவப்புக் குறிகளைக் காட்டியிருப்பார்கள். நல்ல நிலையில் உள்ள எந்த விண்டோஸிலும் அப்படி நிறைய இருக்கும். அப்புறம், கொஞ்ச நாள் கழித்து ‘உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம்’ என்று ஒரு போன் வரலாம். அதுவும் அதே கூட்டமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

மருந்துக்கடைக்காரர், நாகர்கோவில்: திரையின் வலது கீழ் மூலையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘ஆன்டிவைரஸ் காலாவதி, 5 வைரஸ் உள்ளது’ என்று வருகிறது. அந்த ஆன்டிவைரஸை நான் வாங்கியதே இல்லை.

எப்போதோ ஒரு தளம் ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலோ அழுத்துங்கள்’ என்று கேட்டிருக்கும், நீங்களும் அழுத்தியிருப்பீர்கள். அது நோட்டிஃபிகேஷன் அனுப்ப நீங்கள் கொடுத்த அனுமதி. குரோம் செட்டிங்ஸில் பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், ‘அலோ’ பட்டியலில் உள்ள தெரியாத பெயர்களை நீக்குங்கள். ஃபார்மட் எல்லாம் தேவையில்லை.

பாலிடெக்னிக் மாணவர், திருநெல்வேலி: பைத்தானில் நானே எழுதிய ஒரு கணக்கு புரோகிராமை, கிளிக் செய்தால் ஓடும் இஎக்ஸ்இ ஃபைலாக ஆக்கினேன். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அதை ‘ட்ரோஜன்: வின்32/வாக்காடாக்.பி!எம்எல்’ என்று பிடித்து வைத்துவிட்டது. அண்ணா, என் புரோகிராமே வைரஸா?

நல்ல கேள்வி தம்பி. அந்தப் பெயரைப் பிரித்துப் படித்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். முதலில் இருப்பது வகை: ட்ரோஜன், வோர்ம், ரான்சம் என்பது போல. அடுத்தது எந்த அமைப்பில் ஓடும் என்பது. சாய்கோட்டுக்குப் பின்னால் குடும்பப் பெயர், புள்ளிக்குப் பின்னால் அதன் எத்தனையாவது வடிவம் என்பது. கடைசியில் ஆச்சரியக்குறியுடன் இருக்கும் ‘எம்எல்’ என்பது மெஷின் லேர்னிங். அதாவது, தெரிந்த வைரஸ் ஒன்றோடு ஒப்பிட்டு இது பிடிக்கப்படவில்லை. தோற்றத்தையும் நடத்தையையும் வைத்து ‘இப்படித்தான் இருக்கும்’ என்று கணித்திருக்கிறது.

பைத்தானை இஎக்ஸ்இ ஆக்கும் கருவிகள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஓடும்போது அவிழ்க்கின்றன. வைரஸ் எழுதுகிறவர்களும் அதே கருவிகளைப் பயன்படுத்துவதால் உன் புரோகிராமும் சேர்ந்து மாட்டுகிறது. விசைப்பலகையை இடைமறிக்கும் சில தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களுக்கும் இதே கதி நேரலாம். அழுத்தும் ஒவ்வொரு விசையையும் கவனிக்கும் புரோகிராம், ஆன்டிவைரஸ் கண்ணுக்குப் பாஸ்வேர்டு திருடனைப் போலத்தான் தெரியும்.

சந்தேகம் இருந்தால் ஃபைலை வைரஸ்டோட்டலில் ஏற்றிப் பார். கூகுள் 2012-ல் வாங்கிய தளம் அது. பல நிறுவனங்களின் ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லும். இரண்டு மூன்று மட்டும் குறை சொன்னால் பெரும்பாலும் தவறான பிடிப்பு, பாதிக்கு மேல் சொன்னால் தூக்கிப் போடு. ஆனால் ஆதார், சம்பளப் பட்டியல் போன்ற சொந்த ஆவணங்களை அங்கே ஏற்றாதே. ஏற்றியதைப் பாதுகாப்பு நிறுவனங்கள் எடுத்துப் பார்க்க முடியும்.

இந்தத் தாராளம் நீ எழுதிய புரோகிராமுக்கு மட்டும். டெலிகிராமில் கிடைத்த கேமுக்கு ‘எம்எல்’ என்று வந்தால் டிஃபெண்டர் சொல்வதைக் கேள்.

தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்: சர்வீஸ் கடையில் விண்டோஸ் போட்டு வாங்கினேன். டிஃபெண்டர் ‘ஹேக்டூல்: ஆட்டோகேஎம்எஸ்’ என்று சொல்கிறது. கடைக்காரர் ‘அது ஒன்றும் செய்யாது, விட்டுவிடுங்கள்’ என்கிறார்.

காசு கொடுக்காத விண்டோஸை ஒரிஜினல் போலக் காட்டும் கருவி அது. கருவி வைரஸா இல்லையா என்று பட்டிமன்றம் நடத்தலாம். என் கவலை வேறு. அதைப் போடுவதற்கு முன்னால் டிஃபெண்டரை அணைக்க வேண்டும், அல்லது ‘இந்த இடத்தைப் பார்க்காதே’ என்று விலக்கு கொடுக்க வேண்டும். அந்த விலக்கு அப்படியே தங்கிவிடும். பிறகு எந்த வைரஸ் வந்தாலும் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

இப்போதே பாருங்கள்: விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ். சி டிரைவ் முழுவதையும் அந்தப் பட்டியலில் போட்டிருக்கும் கணினிகளை நானே பார்த்திருக்கிறேன். பட்டியலைக் காலி செய்துவிட்டு ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். அது விண்டோஸ் முழுதாகத் தொடங்குவதற்கு முன்பே தேடுவதால், ஒளிந்துகொள்ளும் வைரஸ்களும் அதில் சிக்கும். சுமார் 15 நிமிடம் ஆகும்.

உங்களுடையது லேப்டாப் என்றால் இன்னொரு விஷயம். வாங்கும்போதே விண்டோஸ் இருந்ததா? அப்படியானால் அதன் உரிமச் சாவி மதர்போர்டிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் அது ஹோம் பதிப்பாக இருக்கும். கடைக்காரர் அதன் மேல் புரோ பதிப்பைப் போட்டுவிட்டு, அது ஆக்டிவேட் ஆகாததால் இந்தக் கருவியைப் போடுகிறார். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இலவசமாக இறக்கி அதே ஹோம் பதிப்பைப் போட்டால், இணையம் வந்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினலை அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் போட்டு, அதற்கும் கூலி கொடுத்துவிட்டு வருகிறோம்!

கல்லூரி மாணவி, விழுப்புரம்: ஜெராக்ஸ் கடையில் ப்ராஜெக்ட் பிரின்ட் எடுத்துவிட்டு வந்தேன். பென் டிரைவில் ஃபைல் எதுவும் இல்லை, ஒரே ஒரு ஷார்ட்கட்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கிளிக் செய்தால் எல்லா ஃபைலும் வருகிறது.

இனி அதைக் கிளிக் செய்ய வேண்டாம். ஒவ்வொரு கிளிக்குக்கும் முதலில் வைரஸ் ஓடுகிறது, சந்தேகம் வராமலிருக்க ஃபைல்களையும் திறந்து காட்டுகிறது. ஃபைல்கள் எங்கும் போகவில்லை, மறைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. எக்ஸ்ப்ளோரரில் வியூ போய் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ போடுங்கள். அதில் தெரியாவிட்டால் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ‘பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறை’ என்ற டிக்கை எடுங்கள். பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் இருக்கும். உங்கள் வேர்ட், பிடிஎஃப், படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு பென் டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். வீட்டுக் கணினியில் கிளிக் செய்திருப்பதால் அங்கேயும் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். ஓட்டாமல் பென் டிரைவைச் சொருகினால் மறுபடி தொற்றிக்கொள்ளும்.

பிரின்டுக்கென்று காலியான ஒரு பழைய பென் டிரைவை ஒதுக்கி வையுங்கள். இல்லாவிட்டால் கடையின் மெயிலுக்கு பிடிஎஃப் அனுப்புங்கள். கடைக் கணினியில் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

அரசு ஊழியர், ஈரோடு: பையன் போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேரின் கிராக் (காசு கொடுக்காமல் ஓட வைக்கும் திருட்டு வடிவம்) இறக்கினான். மறுநாள் எல்லாப் படங்களின் பெயருக்குப் பின்னாலும் நான்கு எழுத்து சேர்ந்திருக்கிறது, எதுவும் திறக்கவில்லை. ஃபோல்டர்தோறும் ‘_ரீட்மி’ என்ற ஃபைலில் 980 டாலர் கேட்கிறார்கள், 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பாதியாம். பையன் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் சார்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ‘ஸ்டாப்’ அல்லது ‘டிஜேவு’ எனப்படும் ரான்சம்வேருக்கு, அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸுக்குப் பொருந்துகின்றன. வீட்டுக் கணினிகளைக் குறிவைப்பது அது, பெரும்பாலும் கிராக் வழியாகத்தான் வரும். பணம் கட்டாதீர்கள். கட்டினாலும் படங்கள் திரும்ப வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அந்த ரீட்மி ஃபைலைத் திறந்து, அதில் உங்களுக்கென்று கொடுத்திருக்கும் ஐடியின் கடைசி இரண்டு எழுத்துகளைப் பாருங்கள். ‘டி1’ (t1) என்று முடிந்தால் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. பூட்டும் நேரத்தில் அவர்களுடைய சர்வருடன் தொடர்பு கிடைக்காமல், வைரஸ் கைவசம் வைத்திருந்த, பலருக்கும் ஒரே மாதிரியான சாவியைப் பயன்படுத்தியிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சாவி கிடைத்த வகைகளுக்கு எம்சிசாஃப்ட் நிறுவனத்தின் இலவசக் கருவி திறந்து கொடுக்கும். ‘நோ மோர் ரான்சம்’ தளத்திலும் பாருங்கள். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் உட்படச் சிலர் சேர்ந்து 2016-ல் தொடங்கிய தளம் அது. டி1 இல்லாவிட்டால் இப்போதைக்குப் படங்களைத் திறக்க வழியில்லை. அழிக்காமல் ஒரு தனி ஹார்ட் டிஸ்கில் போட்டு வையுங்கள்.

இந்த வைரஸ் ஒவ்வொரு ஃபைலிலும் ஏறக்குறைய முதல் 150 கிலோபைட்டைத்தான் பூட்டுகிறது. அதனால் பெரிய வீடியோக்களைப் பழுதுபார்க்கும் கருவிகள் கொண்டு பெரும்பகுதி மீட்க முடிவதுண்டு. உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள், பழைய போன், கேமராவின் மெமரி கார்டு எல்லாவற்றையும் தேடுங்கள். கார்டில் அழித்திருந்தாலும் மேலே புதிதாக எதுவும் எழுதாவிட்டால் மீட்கலாம்.

‘மீட்டுத் தருகிறோம்’ என்று யூடியூப் கருத்துகளில் எண் கொடுப்பவர்களை நம்பாதீர்கள். பையனைத் திட்டியது போதும் என்றும் நினைக்கிறேன்.

பெயர் வேண்டாம் என்றவர், சென்னை: ஒரு தளம் ‘நீங்கள் மனிதர்தானா’ என்று கேட்டு, விண்டோஸ் விசையும் ஆர்-உம், பிறகு கன்ட்ரோல் வி, என்டர் அழுத்தச் சொன்னது. செய்துவிட்டேன்.

நீங்களே உங்கள் கையால் ஒரு கட்டளையை ஓட்டியிருக்கிறீர்கள். அந்தப் பக்கம் அதை முன்கூட்டியே கிளிப்போர்டில் (காப்பி செய்தது தங்கும் இடம்) காப்பி செய்து வைத்திருக்கும். 2024-லிருந்து பரவலாக நடக்கும் தந்திரம் இது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் லாகின் குக்கீகளையும் (நீங்கள் ஏற்கெனவே உள்ளே வந்தவர் என்று தளத்துக்குக் காட்டும் சீட்டு) அள்ளிக்கொண்டு போவதுதான் பெரும்பாலும் நோக்கம். வேறு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். அதோடு ‘எல்லா இடத்திலும் லாக் அவுட்’ என்பதையும் கொடுங்கள். குக்கீ கையில் இருந்தால் பாஸ்வேர்டோ ஓடிபியோ கேட்காமலே அவர்கள் உள்ளே வந்துவிட முடியும். கணினியில் விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள்.

பலர் கேட்டது: எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்? இரண்டு போட்டால் இரட்டைப் பாதுகாப்பா?

இரண்டு போட்டால் ஒன்றையொன்று சந்தேகப்பட்டு, கணினி நகராது. விண்டோஸ் 8-லிருந்து டிஃபெண்டர் கூடவே வருகிறது, வீட்டுக்கு அது போதும் என்பது என் கட்சி. காசு கொடுத்து வாங்கியே தீருவேன் என்றால் புனேயின் குயிக் ஹீல், நம் சென்னையின் கே7 இரண்டும் உள்நாட்டு நிறுவனங்கள். ‘இலவசம்’ என்று வருவதில் கவனம் தேவை. அவாஸ்ட் தன் பயனர்களின் இணைய நடமாட்டத் தகவலைத் துணை நிறுவனம் வழியாக விற்றதற்காக, அமெரிக்காவின் வணிக, நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமான எஃப்டிசி 2024-ல் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது.

என்னைக் கேட்டால், அந்த ஆண்டுச் சந்தா பணத்தைச் சேர்த்து ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். மாதம் ஒருமுறை காப்பி எடுத்துவிட்டு, கழற்றி பீரோவில் வையுங்கள். சொருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும்.

தையல் கடை நடத்துபவர், திருப்பூர்: என் பழைய கணினியில் விண்டோஸ் 10. 11-க்கு மாறாது என்கிறது. தூக்கிப் போட வேண்டுமா?

வேண்டாம். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள். அப்டேட் பக்கத்திலேயே அதில் சேரும் வழி இருக்கிறது. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பட்டியல் வருவதும் ஓட்டையை அடைப்பதும் ஒன்றல்ல. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது மாட்டியவர்களில் பலர், இரண்டு மாதம் முன்பே வந்த அப்டேட்டைப் போடாதவர்கள். பில் போடவும் யூடியூப் பார்க்கவும் மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போடலாம். பில்லிங் சாஃப்ட்வேர் அதில் ஓடுமா என்று மட்டும் முன்பே பாருங்கள்.

பள்ளி மாணவர், காரைக்குடி: எங்கள் வீட்டு ஆன்டிவைரஸ் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது அண்ணா? நிஜ வைரஸை இறக்கலாமா?

வேண்டாம் தம்பி. அதற்கென்றே ‘ஐகார்’ என்ற சோதனை ஃபைல் இருக்கிறது. வெறும் 68 எழுத்துகள், எந்தத் தீங்கும் செய்யாது. இதைப் பார்த்தால் வைரஸ் போலவே பிடிக்க வேண்டும் என்று ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் தங்களுக்குள் ஒத்துக்கொண்ட ஃபைல். ஐகார் அமைப்பின் தளத்திலேயே கிடைக்கும். இறக்கிய உடனே டிஃபெண்டர் அதைப் பிடுங்கிக்கொண்டால் சரி. பிடுங்காமல் ஃபைல் அப்படியே இருந்தால் விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் போய் ‘ரியல்-டைம் புரொடெக்‌ஷன்’ அணைந்திருக்கிறதா என்று பார். ஆன் செய்தாலும் தானாக அணைந்துகொண்டே இருந்தால் வீட்டில் பெரியவர்களிடம் சொல்லி, ஆஃப்லைன் ஸ்கேன் முடியும் வரை அந்தக் கணினியில் வங்கி வேலை எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்.