இயற்கைச் சாயத் தொழிலை நம்பி வேலையை விடலாமா?

கேள்வி: "வீட்டிலேயே இயற்கைச் சாயம் தோய்த்து, நூலும் பின்னல் பொருள்களும் விற்க ஆசை. தெரிந்தவர்கள் எல்லாம் நிறத்தைப் பார்த்துவிட்டுப் பாராட்டுகிறார்கள். இதை முழுநேரத் தொழிலாக நடத்த முடியுமா?"

முடியும். பதினோரு வருடமாக நான் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் "நிறத்தைப் பார்த்துவிட்டுப் பாராட்டுகிறார்கள்" என்ற வரி என்னைச் சுருக்கென்று தைத்தது. நானும் அந்தப் பாராட்டை நம்பித்தான் இறங்கினேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. சாயத்துக்கென்று தனிப் பாத்திரம் வாங்கியாயிற்று. மாதுளை ஓடு, வெங்காயச் சருகு, மஞ்சள் எல்லாம் டப்பாக்களில் சேர்ந்திருக்கும். நாலைந்து பேருக்குப் பரிசாகக் கொடுத்திருப்பீர்கள், அதில் ஒருவர் "இதை விற்கலாமே" என்று சொல்லியிருப்பார். பார்க்கிற வேலையும் சலித்திருக்கும். தப்பாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள். ஆனால் உங்களைப் பாராட்டியவர்கள் பார்த்தது முதல் வாரத்து நிறத்தை. காசு கொடுத்து வாங்குகிறவருக்கு வேண்டியது இரண்டாவது வருடத்து நிறம்.

எனக்கு அது புரிந்தது ஒரு பச்சையால். தொழில் தொடங்கிய மூன்றாம் வருடம், கம்பளி நூலில் தளிர் இலை மாதிரி ஒரு பச்சை கொண்டுவந்தேன். முதலில் மஞ்சள்தூள் சாயத்தில் தோய்த்துக் காயவைத்து, பிறகு நீலச் சாயம் தரும் அவுரித் தொட்டியில் ஒரே ஒரு முக்கு. அவுரித் தொட்டியை நீங்கள் இன்னும் தொடவில்லை என்றால் இதைச் சொல்ல வேண்டும்: நன்றாகப் பக்குவமான தொட்டிக்குள் தண்ணீர் நீலமாக இருக்காது. மஞ்சள் கலந்த பச்சையாக, தெளிவாக இருக்கும். மேலே செம்புப் பாத்திரம் மாதிரி மினுங்கும் ஒரு படலம் மிதக்கும். நூலை மெதுவாக வெளியே எடுத்துப் பிழிந்து விரித்ததும், காற்று பட்ட இடத்திலிருந்து நீலம் ஏறத் தொடங்கும். வெள்ளை நூலென்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் கண்ணெதிரே நீலமாகிவிடும். மஞ்சள் நூலென்றால் அந்த நீலம் மஞ்சளின் மேல் உட்கார்ந்து பச்சையாகிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

அந்தப் பச்சை நன்றாக விற்றது. ஒரு அம்மா பன்னிரண்டு சிட்டம் (சுற்றிக் கட்டிய நூல் கட்டு) வாங்கி, தன் மகளுக்கு ஸ்வெட்டர் பின்னினார். எட்டு மாதம் கழித்து ஒரு படம் அனுப்பினார். ஸ்வெட்டர் ஜன்னலோரம் நாற்காலி முதுகில் மாட்டியே இருந்திருக்கிறது. வெயில் பட்ட தோளும் ஒரு கையும் நீலமாகிவிட்டன. மற்ற இடமெல்லாம் பச்சை. அவர் திட்டவில்லை. "இது அதே ஸ்வெட்டர்தானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதியிருந்தார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அதை வரவழைத்து மேசைமேல் விரித்தேன். கைப்பகுதியின் ஓர மடிப்பைப் பிரித்தால், உள்ளே பச்சை அப்படியே இருந்தது. அவுரி நின்றுவிட்டது, மஞ்சள் போய்விட்டது. மஞ்சளில் நிறம் தருகிற குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. பழைய ஐரோப்பியத் திரைச்சீலைகளில் நெய்த ஓவியங்களில் மரமும் புல்லும் நீலமாக இருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். நெய்தவர்கள் நீல மரம் நெய்யவில்லை. மஞ்சளும் நீலமும் சேர்த்துத் தோய்த்த பச்சையில் மஞ்சள் வெளுத்துப்போய் நீலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் அங்கே நடந்தது, மஞ்சள்தூளால் எனக்கு எட்டே மாதத்தில் நடந்துவிட்டது.

அவருக்கு நூலின் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். பின்னிய உழைப்புக்கு என்ன கொடுக்க முடியும்? பிறகு கணக்கைப் புரட்டி, அந்தப் பச்சையை வாங்கிய ஒவ்வொருவருக்கும் நானே எழுதினேன். கேட்டவர்களுக்கெல்லாம் பணம் போயிற்று. அந்த மூன்று மாதத்தில் கையில் ஒன்றும் நிற்கவில்லை.

உடனே சிலர் "எங்கள் வீட்டு மஞ்சள் துணி இன்னும் அப்படியே இருக்கிறது" என்று எழுதுவீர்கள். இருக்கலாம், பெட்டிக்குள் இருந்தால் இருக்கும். மஞ்சளை நான் பழிக்கவில்லை. விற்கிற பொருளுக்கு அது ஆகாது, அவ்வளவுதான். இயற்கைச் சாயமே நிற்காது என்றும் யாரும் என் பதிலை எடுத்துக் காட்ட வேண்டாம். பெருவில் வாக்கா ப்ரியெத்தா என்ற இடத்தில் கிடைத்த பருத்தித் துணிகளில் அவுரி நீலம் இருப்பதை 2016-இல் உறுதிசெய்தார்கள். அவற்றின் வயது ஏறக்குறைய 6,000 ஆண்டுகள். எந்தச் சாயம், எந்த நூலில், எதைக் கொண்டு பிடிக்க வைத்தீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிடிக்க வைப்பது என்றால் மார்டன்ட், அதாவது நிறமூன்றி. இதில் அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம். கம்பளிக்கும் பட்டுக்கும் படிகாரம் நேரடியாக ஒட்டும். உலர்ந்த நூலின் எடையில் நூற்றுக்கு 15 பங்கு என்பது என் அளவு. 100 கிராம் நூலுக்கு 15 கிராம். பருத்திக்கு அப்படி ஒட்டாது. முதலில் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்துத் துவர்ப்பை ஏற்றி, அதற்குமேல் படிகாரம் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் நூலைச் சுத்தம் செய்ய வேண்டும். வெள்ளைவெளேரென்று இருக்கிற பருத்தி நூலைச் சலவைச் சோடா போட்டு இரண்டு மணி நேரம் கொதிக்க வைத்துப் பாருங்கள், தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். அந்த மெழுகும் அழுக்கும் நூலில் இருக்கும்வரை சாயம் மேலோடு உட்கார்ந்து, முதல் சலவையிலேயே கிளம்பிவிடும். என்னிடம் வருகிற புகார் கேள்விகளில் பாதிக்கு "நூலைக் கொதிக்க வைத்தீர்களா?" என்பதே பதில்.

இரும்பு சேர்த்து நிறத்தை மங்கவைப்பது அழகாக இருக்கும். ஆனால் நூற்றுக்கு ஒன்று, இரண்டுக்கு மேல் போகாதீர்கள். கூடினால் கம்பளி சொரசொரப்பாகும், பருத்தி நாளடைவில் இற்றுப்போகும்.

சரி, பச்சைக்குப் பிறகு என்ன மாற்றினேன் என்று சொல்கிறேன். ஒவ்வொரு புது நிறத்திலும் ஒரு துண்டு நூலை அட்டையில் சுற்றி, பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, வெயில் படும் ஜன்னலில் ஒட்டுகிறேன். பக்கத்தில் நீலக் கம்பளி அளவுப் பட்டையும் இருக்கும். ஆய்வுக்கூடங்களில் வெளிச்சத்துக்கு எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கப் பயன்படுத்துவது, 1 முதல் 8 வரை தரம் உண்டு. 8 தான் நன்றாகத் தாங்குவது. 4-ஆம் பட்டை வெளுக்கும்போது என் நூலும் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பேன். அதற்கு முன்பே வெளுத்தால் அந்த நிறம் கடைக்குப் போகாது. எனக்குப் பிடித்த எத்தனையோ நிறங்களை அப்படி விட்டிருக்கிறேன். பீட்ரூட் இளஞ்சிவப்பெல்லாம் அங்கேயே முடிந்துவிடும். இன்னொரு துண்டைச் சோப்புத் தண்ணீரில் ஐந்து முறை அலசிப் பார்ப்பேன். மஞ்சளில் தோய்த்தது சோப்புப் பட்டதும் சிவக்கும், எலுமிச்சைச் சாறு விட்டால் திரும்பும். வாங்கியவர் வீட்டில் அது நடந்தால் அவருக்கு வேடிக்கையாக இருக்காது.

அப்புறம் நோட்டு. உங்கள் தொழிலின் மூலதனம் பாத்திரம் அல்ல, இந்த நோட்டுதான். நூலின் உலர்ந்த எடை, படிகாரத்தின் எடை, சாயப்பொருள் எந்த மூட்டை, எந்தத் தண்ணீர், எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், ஒரு முழம் நூல் மாதிரி. மஞ்சிட்டி வேரைக் கொதிக்கவிட்டால் சிவப்புக்குள் பழுப்பு இறங்கும். 70 டிகிரிக்கு மேல் நான் போவதில்லை. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் அதே மஞ்சிட்டி நல்ல சிவப்பாக எடுக்கும். இதையெல்லாம் எழுதி வைக்காமல் "சென்ற தடவை வந்த சிவப்பு" மறுபடி வரும் என்று உட்கார்ந்தால் வரவே வராது.

எழுதி வைத்தாலும் அச்சு அசலாக வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் போர்வை பின்னிக்கொண்டிருப்பார், இன்னும் இரண்டு சிட்டம் வேண்டும் என்பார். நீங்கள் அனுப்புவது அரை மாற்றுக் குறைவாகவோ கூடவோ இருக்கும், போர்வையில் அது கோடு போட்டதுபோலத் தெரியும். 1856-இல் ஆங்கிலேய வேதியியலாளர் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்து, 1897-இல் செயற்கை அவுரியும் சந்தைக்கு வந்த பிறகு, ஒரே நிறம் எப்போது கேட்டாலும் கிடைக்கும் என்று உலகமே பழகிவிட்டது. வாங்குகிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நான் ஒவ்வொரு தோய்ப்புக்கும் ஓர் எண் போட்டு விற்கிறேன். தேவைக்கு ஒன்று கூடுதலாக வாங்கச் சொல்கிறேன், மிஞ்சினால் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு எண்ணிலும் இரண்டு சிட்டத்தை மூன்று மாதம் விற்காமல் வைத்திருப்பேன். இந்த ஒரு வழக்கத்தால் வந்த நல்ல பெயர் எந்த விளம்பரத்தாலும் வந்ததில்லை.

விலை விஷயத்தில் நான் செய்த தவறு, நூலையும் சாயத்தையும் மட்டும் கூட்டியது. ஒரு தடவை கடிகாரத்தை வைத்து எழுதினேன். பத்துச் சிட்டத்துக்கு அலசல், படிகாரம், தோய்ப்பு, மறுபடி அலசல், உலர்த்தல், சிக்கெடுத்துச் சுற்றல், சீட்டு ஒட்டல், படமெடுத்தல் என்று மூன்று நாளில் பரவி, என் கை பட்ட நேரம் மட்டும் ஒன்பது மணி நேரம். ஏறக்குறைய சிட்டத்துக்கு ஒரு மணி. உங்கள் ஒரு மணி நேரத்துக்கு இப்போதைய வேலையில் என்ன கிடைக்கிறதோ, அதைக் கூட்டிவிட்டு விலையைப் பாருங்கள். அந்த விலைக்கு அறிமுகமில்லாதவர் வாங்கினால்தான் தொழில். தெரிந்தவர் வாங்குவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் கிடக்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர் எப்போதும் சும்மா இருக்கிறார் என்று சொந்தக்காரர்களுக்கு ஓர் எண்ணம். "நீங்கள் வீட்டில்தானே இருக்கிறீர்கள்" என்று தொடங்கும் தொலைபேசி வந்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும். ஒரு நாள் நெருங்கிய உறவினர் ஒருவர், கேட்காமலே நான்கு வயதுக் குழந்தையை விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். அன்று தொட்டியில் சுண்ணாம்பு கலந்து வைத்திருந்தேன். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. அடுப்பில் கம்பளி வேறு. கம்பளியை இறக்கி அப்படியே போட்டுவிட்டுக் குழந்தையோடு வேறு அறையில் உட்கார்ந்தேன். சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்து, அந்த நூல் முழுக்க வீணானது. சாயங்காலம் வந்தவர் "பொழுதுபோக்குதானே, இன்னொரு நாள் செய்துகொள்ளலாம்" என்றார். ஏழு வருடம் ஆயிற்று. அந்தச் சொல் இன்னும் ஆறவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறவரிடம் யாராவது இப்படிச் செய்வார்களா?

இன்னொன்று. "இயற்கை, ரசாயனமே கிடையாது" என்று சீட்டில் அச்சடிக்காதீர்கள். படிகாரமும் சுண்ணாம்பும் ரசாயனம்தான். என் சீட்டில் சாயத்தின் பெயர், நிறமூன்றியின் பெயர், துவைக்கும் முறை மூன்றும் இருக்கும். குரோமியம், செம்பு உப்புகளை நான் தொடுவதில்லை, கழிவு நீரை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததால். பொடி கலக்கும்போது முகமூடி, கையுறை. சாயப் பாத்திரம் திரும்பச் சமையலுக்குப் போகக் கூடாது. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, நீங்கள் தினமும் பல வருடம் இதைக் கையாளப் போகிறீர்கள்.

வேலையை இப்போதே விட வேண்டாம். ஒரு வருடம் மூன்று நிறம் மட்டும் செய்யுங்கள்: அவுரி நீலம், மஞ்சிட்டிச் சிவப்பு, மாதுளை ஓட்டு மஞ்சள். என் கடையில் இப்போது இருக்கும் பச்சை மாதுளை ஓட்டின் மேல் அவுரி தோய்த்தது. தளிர் மாதிரி இல்லை, முற்றிய இலை மாதிரி இருக்கும். ஆனால் ஜன்னலைத் தாண்டி வந்தது. அந்த அம்மாவும் போன வருடம் அதில் எட்டுச் சிட்டம் வாங்கினார். அனுப்புவதற்கு முன் வெயில்பட்ட அட்டையின் படத்தையும் அவருக்கு அனுப்பினேன்.

நீங்களும் இந்த வாரமே ஓர் அட்டை ஒட்டிவிடுங்கள். ஒட்டிய தேதியைப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். பேனாவால் எழுதினால் மையும் வெளுத்துவிடும்.