அடிலெய்டில் ரணதுங்க நடுவரை எதிர்த்து நின்றது சரியா?

"1999ல் அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் மைதானத்தில் நடுவரிடம் விரல் நீட்டிச் சண்டை போட்டு, அணியை எல்லைக்கோடு வரைக்கும் கூட்டிப்போன கேப்டன் அர்ஜுன ரணதுங்கவை இலங்கையின் தன்மானத்துக்கு அடையாளம் என்கிறார்கள். எனக்கு அது ஒழுங்கீனமாகத்தான் தெரிகிறது, சரியா தவறா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அநேகமாக அந்த இரண்டு நிமிட வீடியோவை மட்டும்தான் பார்த்திருப்பீர்கள். அன்றைக்குப் பிறந்தே இருக்கமாட்டீர்கள் என்றும் நினைக்கிறேன். அது உங்கள் பிழை இல்லை. ஆனால் அந்த விரல் நீளுவதற்கு முன்னால் மூன்று வருடக் கதை இருக்கிறது, அது தெரியாமல் இதற்குத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

1995 டிசம்பர் 26, அவுஸ்திரேலியாவுக்கு எதிரான மெல்பேர்ன் டெஸ்ட். எங்கள் சுழல் பந்து வீச்சாளர், 23 வயது முரளிதரனை நடுவர் டெரல் ஹெயார் மூன்று ஓவர்களுக்குள் ஏழு தடவை, முழங்கையை நிமிர்த்தி எறிகிறார் என்று சொல்லி நோ போல் கொடுத்தார். அதுவும் பந்துவீச்சாளர் பக்கத்து ஸ்டம்புக்கு அருகில் நின்றுகொண்டு. முழங்கையைப் பார்க்க வசதியான இடம் துடுப்பாட்டக்காரனுக்குப் பக்கவாட்டில் இருக்கிற ஸ்குவெயார் லெக் என்று கிரிக்கெட் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். அன்று ரணதுங்க என்ன செய்தார்? பேசிப் பார்த்தார், பிறகு முரளியை மறுமுனைக்கு மாற்றினார், அங்கிருந்த மற்ற நடுவர் ஸ்டீவ் டன் ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து பிரிஸ்பேனில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான ஒருநாள் போட்டியில் நடுவர் ரொஸ் எமர்சன் திரும்பவும் நோ போல், நோ போல். முரளி லெக் ஸ்பின் போட்டுப் பார்த்தார், அதற்கும் நோ போல். ரணதுங்க பேசாமல் முரளியைப் பந்துவீச்சிலிருந்து எடுத்துவிட்டார். அதே சுற்றுப்பயணத்தில் பேர்த்தில் பந்தைச் சேதப்படுத்தினார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு வேறு, அதை சர்வதேச கிரிக்கெட் சபை (ஐசிசி) பிறகு வாபஸ் வாங்கியது. அதாவது நீங்கள் கேட்கிற அந்த 'ஒழுக்கம்' 1995ல் முழுசாகவே இருந்தது. அதற்குக் கிடைத்த மரியாதை இவ்வளவுதான்.

அப்புறம் 1996 உலகக் கிண்ணம். கொழும்பு மத்திய வங்கி குண்டுவெடிப்பைக் காட்டி அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்பில் ஆட வரமாட்டோம் என்றன, இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்து ஒரே அணியாக வந்து பிரேமதாச மைதானத்தில் ஆடிக் காட்டின. 1996 மார்ச் 17ல் லாகூரில் அதே அவுஸ்திரேலியாவை ஏழு விக்கெட்டால் வென்று உலகக் கிண்ணத்தைத் தூக்கியது இலங்கை. இடையில் முரளியின் கையை மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் கமெரா வைத்து அளந்தார்கள். பிறப்பிலேயே அவருடைய முழங்கை முழுசாக நிமிராது, எறிவது போலத் தெரிவது கண்ணின் மயக்கம் என்று அறிக்கை வந்து, ஐசிசியும் பந்துவீச அனுமதித்தது. இத்தனைக்கும் பிறகு 1999 ஜனவரி 23, அடிலெய்டில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் போட்டியில், அதே எமர்சன், முரளியின் இரண்டாவது ஓவரிலேயே நோ போல் என்று கையை நீட்டினார். அறிக்கையை யாருமே படிக்காதது போல. அதற்குத்தான் அந்த விரல்.

இந்தக் கேள்வி என்னை ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று சொல்லிவிடுகிறேன். நான் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டப் பையன். பாடசாலையில் ஓப் ஸ்பின் போடுவேன், முரளி கண்டிக்காரர், நம்ம ஆள் என்ற பெருமையில் அவரைப் போலவே கண்ணை உருட்டிப் போடுவேன், பந்தும் நன்றாகத் திரும்பும். அடிலெய்டுக்குச் சில மாதம் முன்னால் ஒரு பெரிய பாடசாலையோடு மட்ச். எங்களுக்கு மைதானம்கூட ஒழுங்காகக் கிடையாது, மழை பெய்தால் ஒரு பக்கம் குளம். அவர்களுக்குப் புல் விக்கெட், பயிற்சியாளர், எல்லாம் இருந்தது. அவர்களுடைய நல்ல துடுப்பாட்டக்காரனை நான் போல்ட் ஆக்கியதும் நடுவர் நோ போல் என்றார். அடுத்த ஓவரிலும் அதே. எல்லைக்கோட்டில் நின்ற பெடியன்கள் 'முரளி, முரளி' என்று கத்தினார்கள், அது பாராட்டு இல்லை. எங்கள் சேர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து ஒரு வார்த்தை கேட்பார் என்று அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கேப்டனைக் கூப்பிட்டு என்னை மாற்றச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "நமக்கேன் வம்பு தம்பி, அடுத்த வருசம் நம்மள மட்ச்சுக்கே கூப்பிட மாட்டாங்க" என்றார். நல்ல மனிதர், கணக்கு அருமையாகச் சொல்லித் தருவார். ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் யாரும் பந்தைத் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

அடிலெய்ட் மட்ச் நடந்த அந்தச் சனிக்கிழமை டவுனில் டீவி கடை வாசலில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று கூட்டமாக நின்று பார்த்தோம். கால் மணி நேரம் போல ஆட்டம் நின்றது. ரணதுங்க அணியை ஓரத்துக்குக் கூட்டிப்போய், நிர்வாகத்தோடு பேசி, திரும்பி வந்து முரளி கையிலேயே பந்தைக் கொடுத்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எங்கள் ஊர்ப் பெடியன்கள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனால் அடையாள அட்டை போதாது, பொலிஸ் பதிவும் கேட்பார்கள், அப்படிப்பட்ட காலம். அந்தக் காலத்தில் ஒரு சிங்களத் தலைவர் ஒரு மலையகத் தமிழனுக்காக, உலகமே பார்க்க, 'இவன் போடுவான்' என்று நின்றார். இதனால் நாட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். முரளி பிற்காலத்தில் பேசிய அரசியலையும் ரணதுங்க அமைச்சராக இருந்து செய்ததையும் இங்கே இழுக்க வேண்டாம், அதில் எனக்கும் நிறையக் கோபம் உண்டு. நான் பேசுவது அந்த ஒரு நாளைப் பற்றி.

அன்று இங்கிலாந்து எடுத்த 302ஐ மகேல ஜயவர்தனவின் 120 ஓட்டங்களோடு துரத்தி, ஒரே ஒரு விக்கெட் மிச்சமிருக்க வென்றோம். கடைசியில் களத்தில் நின்றது முரளி. ரணதுங்க தப்பித்து ஓடவும் இல்லை, வழக்கறிஞர்களோடு விசாரணைக்குப் போனார், போட்டிச் சம்பளத்தில் 75 சதவீதம் அபராதமும் ஆறு போட்டிகளுக்கு ஒத்திவைக்கப்பட்ட தடையும் வாங்கினார். விலை கொடுத்துத்தான் நின்றார்.

தன்மானம் என்று பேசும்போது இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2023ல் விளையாட்டுத்துறை அமைச்சர் இலங்கைக் கிரிக்கெட் சபையைக் கலைத்து இடைக்காலக் குழு போட்டு (அதற்கும் தலைவர் ரணதுங்கதான்), அரசியல் தலையீடு என்று ஐசிசி இலங்கையை இடைநிறுத்தி, 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போனதே, அதையும் சிலர் எதிர்த்து நின்றோம் என்று பேசினார்கள். இல்லை. நாற்காலிச் சண்டையில் சொந்த மண்ணில் உலகக் கிண்ணம் ஆடும் வாய்ப்பை இழந்தது சின்னப் பையன்கள். அதே நேரம் மலையகப் பாடசாலைகளுக்கு ஒரு மைதானம் போட்டுத்தர எந்தச் சபைக்கும் மனம் வரவில்லை. எங்கள் பழைய பாடசாலையில் இன்றைக்கும் அதே குளம்தான்.

சரி, 'முரளிக்காகத்தானே பந்து வீசும்போது முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என்று விதியையே மாற்றினார்கள்' என்று கீழே எழுத வருபவர்களுக்கு: முன்பு சுழல் பந்துக்கு 5, மிதவேகத்துக்கு 7.5, வேகப்பந்துக்கு 10 பாகை என்று இருந்தது. 2004ல் அளந்து பார்த்தபோது மெக்ரா, பொலொக் போன்ற, யாரும் சந்தேகமே படாத வேகப்பந்து வீச்சாளர்களின் கையும் பந்தை விடும்போது பழைய வரம்பைத் தாண்டி நிமிர்வது தெரிந்தது. அதனால்தான் எல்லோருக்கும் ஒரே வரம்பு வந்தது. அதைப் படித்துவிட்டு வாருங்கள், பேசலாம். கேள்வி கேட்டவருக்கு என் பதில் இதுதான்: ரணதுங்க செய்தது சரி, எங்கள் சேரும் அன்று எழுந்து வந்திருக்க வேண்டும்.