வக்கீல் வேண்டாம், நானே வாதாடுவேன் என்கிறான் தம்பி

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி மேல் அடிதடி வழக்கு, ஜெயிலில் இருக்கிறான். மனச்சிதைவு நோய்க்கு எடுத்துவந்த மாத்திரையை நிறுத்திவிட்டான். கோர்ட் தந்த வக்கீலை அனுப்பிவிட்டுத் தானே வாதாடப்போகிறானாம். நீதிபதி விடுவாரா? மதுரையில் இருந்துகொண்டு நான் என்ன செய்ய முடியும்?

பதில்: விட்டாலும் விடுவார் சகோதரி, பயமே அதுதான். அங்கே தன் வழக்கைத் தானே வாதாடுவது அரசியல் சாசன உரிமை. 1975-ல் ஃபாரெட்டா வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது. கலிஃபோர்னியாவில் திருட்டு வழக்கில் மாட்டிய அந்த மனுஷனுக்கு விசாரணை நீதிபதி செவிவழிச் சாட்சி பற்றியெல்லாம் பரீட்சை வைத்து, தேறவில்லை என்று வக்கீலைத் தலையில் கட்டியிருந்தார். சட்டம் தெரிகிறதா என்பது கேள்வியே இல்லை, ஆபத்து தெரிந்துதான் கேட்கிறாரா என்று பாருங்கள் என்றது உச்ச நீதிமன்றம்.

சரி, மனநோய் இருந்தால்? விசாரணையைச் சந்திக்கும் தகுதிக்கு 1960-ன் டஸ்கி வழக்கு அளவுகோல் உண்டு: வழக்கு என்னவென்று புரிகிறதா, வக்கீலிடம் ஓரளவு தெளிவாகப் பேச முடிகிறதா, அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு வக்கீல் இருப்பார் என்ற கணக்கில் போட்ட அளவுகோல் அது. அவரே இல்லையென்றால்?

அந்த இடம்தான் எட்வர்ட்ஸ் வழக்கு. 1999-ல் இண்டியானாபொலிஸ் கடையொன்றில் ஒரு ஜோடி ஷூவைத் திருடப் பார்த்து, பிடிபட்டதும் சுட்டவர்; மனச்சிதைவு நோயாளி. வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் அலைந்து, கடைசியில் விசாரணைக்குத் தகுதி உண்டு என்றானது, ஆனால் தானே வாதாட நீதிபதி விடவில்லை. அது சரியே என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் சொன்னது. கவனியுங்கள், மறுக்கலாம் என்றுதான் சொன்னது, மறுத்தே ஆகவேண்டும் என்றல்ல.

விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, நியூயார்க்கின் லாங் ஐலண்ட் ரயிலில் ஆறு பேரைச் சுட்டுக்கொன்ற காலின் ஃபெர்குசன். 1995-ல் தானே வாதாடினார். 93 குற்றச்சாட்டு எதற்கு, சம்பவம் நடந்தது 1993 என்பதால்தான் என்றார்! குண்டடி பட்டவர்களையே குறுக்கு விசாரணையும் செய்தார், அவர்களோ சுட்டது நீதான் என்று அவரையே காட்டினார்கள்.

நீங்கள் செய்யவேண்டியது, இப்போதைய வக்கீல் போவதற்குள் அவரைப் பிடிப்பது. டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, மாத்திரை நிறுத்திய தேதி எல்லாவற்றையும் அனுப்புங்கள். வழக்கைப் பற்றி உங்களிடம் வாய் திறக்க மாட்டார், ஆனால் கொடுப்பதை வாங்கிக்கொள்வார், அதை வைத்து தகுதிப் பரிசோதனை கேட்பார். (கேட்டால் வழக்கு அப்படியே நிற்கும், ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில்கூட ஆகலாம், சின்ன வழக்கென்றால் அது தேவையா என்றும் அவரிடமே கேளுங்கள்.) நீதிபதிக்கு நேராகக் கடிதம் வேண்டாம். ஜெயில் போனில் சம்பவத்தைப் பேசவே பேசாதீர்கள், பதிவாகும், தமிழ் என்றாலும் மொழிபெயர்க்க ஆள் வைப்பார்கள்.

அப்புறம், தம்பிக்கு வக்கீல் மேல் என்ன கோபம்? பாதி நேரம் "என்னைப் பைத்தியம் என்கிறார்" என்பதாகத்தான் இருக்கும். அப்படியானால் வேறு வக்கீல் கேட்கலாமே. அதற்கும் மசியவில்லையா, பக்கத்தில் உட்கார ஒரு துணை வக்கீலையாவது போடும்படி இப்போதைய வக்கீலையே கேட்கச் சொல்லுங்கள். தோற்ற பிறகு "நான் சரியாக வாதாடவில்லை" என்று காரணம் காட்டி அப்பீல் போக முடியாது. அதை நீங்கள் சொன்னால் கேட்க மாட்டான், வக்கீல் சொல்லட்டும்.