டேக்கார்ட், தவளைத் தொடை, நரம்புக்குள்ள ஓடுற 'ஆவி': உங்க கேள்விகளுக்கு பதில்

கேள்வி: நரம்புல ஆவி ஓடுதுன்னு டேக்கார்ட் சொன்னாராமே, பேய் மாதிரியா?

பதில்: இல்லங்க. டேக்கார்ட் 17ம் நூற்றாண்டு பிரெஞ்சு தத்துவ அறிஞர். அவர் சொன்னது பேய் ஆவி இல்ல, இட்லிப் பானை ஆவின்னு வச்சுக்கோங்க, அதாவது முழுக்க முழுக்க ஜடப்பொருள். ரத்தத்துலருந்து வடிகட்டி மூளைக்கு வர்ற ரொம்ப மெல்லிசான ஒண்ணு, அது நரம்புங்கிற குழாய் வழியா தசைக்குள்ள போய் அதை உப்ப வைக்குது, தசை உப்பினா நீளம் குறையுது, கை மடங்குதுன்னார். இதுக்கு அவர் காட்டுற உதாரணம் ராஜா தோட்டத்து நீரூற்று. வர்றவங்க ஒரு தளக்கல்லை மிதிச்சா தண்ணி வேற குழாய்க்கு மாறும், குளிச்சுட்டிருக்கிற டயானா சிலை நாணலுக்குள்ள ஒளியும், இன்னும் கிட்ட போனா நெப்டியூன் சிலை சூலத்தோட முன்னாடி வரும். உள்ள யாரும் உக்காந்து ஆட்டல, தண்ணி அழுத்தம்தான்.

கேள்வி: செத்துப்போன மகள் மாதிரியே பொம்மை செஞ்சு கப்பல்ல கொண்டு போனாராமே?

பதில்: மகள் பிரான்சீன் நிஜம், 1640ல 5 வயசுல இறந்துட்டா. பொம்மை பின்னாடி வந்த கட்டுக்கதை. தயவுசெஞ்சு பரப்பாதீங்க.

கேள்வி: இதயம்?

பதில்: ரத்தம் உடம்பு முழுக்க சுத்துதுன்னு 1628ல இங்கிலாந்து டாக்டர் ஹார்வி எழுதினதை டேக்கார்ட் ஒத்துக்கிட்டார், ஆனா இதயம் சுருங்கித் தள்ளுதுங்கிறதை ஏத்துக்கல, உள்ள இருக்கிற சூட்டுல ரத்தம் பொங்குதுன்னார். ஹார்விதான் சரி.

கேள்வி: சார், உப்புதுன்னு சொன்னது சரிதானே? ஜிம்ல கை மடக்கினா பைசெப்ஸ் வீங்குதே, கண்ணால பாக்குறேன்.

பதில்: நல்ல கேள்வி, ஆனா வீங்குறது வேற, பருமன் (மொத்தமா அடைச்சுக்கிற இடம், அதாவது கன அளவு) கூடுறது வேற. வெளியிலருந்து ஏதோ உள்ள பாய்ஞ்சா மொத்த பருமனே கூடணும் இல்லையா? டச்சு விஞ்ஞானி ஸ்வாமர்டாம் தவளைத் தசையை நரம்போட எடுத்து கண்ணாடிக் குழாய்க்குள்ள வச்சு, மெல்லிசான முனையில ஒரு துளி தண்ணி விட்டார். நரம்பை சீண்டினா தசை சுருங்குது, துளி மேல ஏறவே இல்ல. ஒரே துளி, அவ்வளவு பெரிய கொள்கை ஆட்டம் கண்டுடுச்சு.

கேள்வி: (அதே ஜிம் நண்பர்) தவளைதானே, மனுஷனுக்கு எப்படி சார் பொருந்தும்?

பதில்: இங்கிலாந்துல கிளிசன்னு ஒரு டாக்டர் மனுஷக் கையையே தண்ணிப் பாத்திரத்துல வச்சு தசையை இறுக்கச் சொன்னார், தண்ணி மட்டம் ஏறல. திரும்பச் சொல்றேன், வீக்கம் வேற பருமன் வேற, குறுக்கால தடிச்சது நீளத்துல குறைஞ்சுடும். டேக்கார்டை முட்டாள்னு நினைக்காதீங்க, சோதிச்சுப் பாக்குற மாதிரி தெளிவா சொன்னதாலதான் தப்புன்னு காட்ட முடிஞ்சது, அதுக்காகவே எனக்கு அவர் மேல மரியாதை.

கேள்வி: ஆவின்னா ஆத்மாவா?

பதில்: முதல் பதில் படிங்க. ஆத்மா வேற, அது எப்படி உடம்பைத் தள்ளும்னு 1643லயே பொஹீமியா இளவரசி எலிசபெத் டேக்கார்டுக்கு எழுதின கடிதத்துல கேட்டாங்க. அந்தக் கடிதங்களைப் படிங்க, நான் சுருக்கினா கெட்டுடும்.

கேள்வி: பொரெல்லி என்ன செஞ்சார்?

பதில்: அவர் அதே 17ம் நூற்றாண்டு இத்தாலி விஞ்ஞானி, எலும்பை நெம்புகோலா வச்சு கணக்கு போட்டார். முழங்கையை மடக்கி 1 கிலோ பிடிங்க, தசை மூட்டுலருந்து சுமார் 4 செ.மீ.லதான் ஒட்டியிருக்கு, உள்ளங்கை 35 செ.மீ. தள்ளி, அப்போ தசை 8 மடங்குக்கு மேல இழுக்கணும். ஆனா தசை ஏன் சுருங்குதுன்னு வர்றப்போ அவரும் தசைக்குள்ள பொங்கி உப்புதுன்னுதான் சொன்னார்.

கேள்வி: (ஜிம் நண்பர்) ஸ்வாமர்டாம் சோதனைக்கு அப்புறமுமா?

பதில்: ஆமா. ஸ்வாமர்டாம் 1680ல இறந்துட்டார், அந்தச் சோதனை இருக்கிற புத்தகம் அச்சுல வந்தது 1737-38ல, பொரெல்லி காலத்துக்கு ரொம்ப அப்புறம்.