கருவளையத்துக்கு எந்த ஐ கிரீம் வாங்கலாம், கண்ணுக்குக் கெடுதல் இல்லாமல் எப்படிப் பூசுவது?

முதலில் கருமை எதனால் என்று பாருங்கள். கண்ணாடி முன் நின்று கீழ் இமைத் தோலை மெல்லப் பக்கவாட்டில் இழுங்கள். கருமை தோலோடு சேர்ந்து நகர்ந்தால் அது நிறமி, அதாவது தோலுக்கு நிறம் தரும் பொருள் கூடியதால் வந்தது; இந்தியர்களுக்கு இது பரம்பரையாகவும் வரும், கண்ணைக் கசக்கிக் கசக்கியும் வரும். முகத்தை விளக்கை நோக்கி நிமிர்த்தும்போது மறைந்தால், அது வெறும் பள்ளத்தின் நிழல். அதற்குக் கிரீம் வாங்குவது வீண் செலவு.

நிறமிக்கு நியாசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம்) அல்லது வைட்டமின் சி உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். மெல்லிய சுருக்கங்களுக்கு ரெட்டினால் (வைட்டமின் ஏ-இன் ஒரு வடிவம்) உதவும். ஆனால் எரிச்சல் தரும். வாரம் இரண்டு இரவுகளில் தொடங்குங்கள், கர்ப்பிணிகள் அறவே தவிர்க்க வேண்டும். வாசனை சேர்த்தது எதுவும் வேண்டாம்.

மருந்துக் கடையில் "சிவப்பாக்கும்" என்று கொடுக்கும் டியூபை மட்டும் கண் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று அட்டையில் இருந்தால் அது ஸ்டீராய்டு. இமையருகே தொடர்ந்து நீண்ட நாட்கள் பூசினால் கண் அழுத்தம் கூடலாம், கண்புரையும் வரலாம்.

புதிய கிரீமை முழங்கையின் உட்புறத்தில் சில நாட்கள் பூசிச் சோதியுங்கள். பிறகு இரு கண்ணுக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு போதும். மோதிர விரலால், கண்ணைச் சுற்றியுள்ள எலும்பின் மேல் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். இமை ஓரத்தைத் தொடாதீர்கள், தூக்கத்தில் கிரீம் கண்ணுக்குள் இறங்கும். எரிந்தால் தண்ணீரால் கழுவுங்கள். பார்வை மங்கினாலோ சிவப்பு நீடித்தாலோ கண் மருத்துவரிடம் போங்கள்.